நாவின் அளவும் மலரின் ஆழமும்

படைப்புலகில் இரண்டினை அருகருகே நிறுத்தி, அவற்றின் ஒற்றுமை வேற்றுமைகளைக் கண்டறிவது இப்பகுதியின் வழக்கம் என்பதை வாசக நேயர்கள் அறிவீர்கள். இத்திங்கள் நாம் எடுத்துக்கொள்ளும் இரண்டும் சற்று வினோதமானவை. ஒன்று வெளவால், மற்றொன்று பூஞ்செடி. ஒன்று பறப்பது, மற்றொன்று நின்ற இடத்திலேயே நிற்பது. ஒன்று குட்டி ஈன்று பாலூட்டுவது. மற்றொன்று பூத்துக் காய்த்து விதை சிந்துவது. “இவ்விரண்டையும் ஒப்பிடுவதில் என்ன பொருத்தம் இருக்கின்றது?” என்ற வினா உங்கள் உள்ளத்தில் எழலாம். பொருத்தம் என்ற சொல்லுக்கே இவ்விரண்டைவிடச் சிறந்த விளக்கம் கிடைப்பது அரிது என்பதைப் போகப் போகக் காண்பீர்கள்.

வெளவால் என்றதும் முகம் சுளிப்பதே நம் இல்லங்களில் வழக்கமாகிவிட்டது. “வெளவால் வீட்டுக்கு வெளவால் வந்தால் நீயும் தொங்கு, நானும் தொங்குகிறேன்” என்று பழமொழியில்கூட அதனை எள்ளி நகையாடுகின்றோம். மஃரிப் நேரம் கடந்து கொல்லைப்புறக் கொய்யா மரத்தில் சிறகடிக்கும் ஓசை கேட்டால், பிள்ளைகளை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தும் தாய்மார்கள் உண்டு. அது நுழைந்தால் வீட்டுக்கு ஆகாது என்று சகுனம் பார்ப்போரும் உண்டு. இவ்வாறு இகழப்படும் ஓர் உயிரை நம்பியே ஒரு பூவின் குலம் முழுவதும் வாழ்ந்து வருகின்றது என்று சொன்னால் நம்புவீர்களா?

இரண்டும் எவை?

தென் அமெரிக்கக் கண்டத்தின் மேற்கு விளிம்பில் ஆண்டிஸ் மலைத்தொடர் நீண்டு கிடக்கின்றது. அம்மலைத்தொடர் ஊடறுத்துச் செல்லும் நாடுகளுள் ஒன்று ஈக்வடார். பூமத்தியரேகை தன் மீது செல்வதாலேயே அப்பெயர் பெற்ற நாடு அது. அங்குள்ள மலைச்சரிவுகளில் எப்பொழுதும் மேகம் கவிந்திருக்கும் காடுகள் உள்ளன. மரத்தின் தண்டும் கிளையும் பாசி போர்த்து, இலைகளிலிருந்து ஓயாது நீர் சொட்டிக்கொண்டிருக்கும் அக்காடுகளை ‘முகில் காடுகள்’ என்பர்.

அந்த முகில் காடுகளில்தான் நம் இரு கதைமாந்தர்களும் வாழ்கின்றனர். வெளவாலின் அறிவியற் பெயர் அனூரா ஃபிஸ்டுலாட்டா. இலைமூக்கு வெளவால்கள் எனப்படும் அமெரிக்கக் குடும்பத்தைச் சேர்ந்தது. உடல் நீளம் ஏறத்தாழ ஐந்தரை சென்டிமீட்டர்தான், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். செடியின் பெயர் சென்ட்ரோபோகன் நிக்ரிகன்ஸ். மணி வடிவப் பூக்களுக்குப் பெயர்பெற்ற தாவரக் குடும்பத்தில் பிறந்தது. ஆயினும் இதன் பூ மணியைப் போன்று விரிந்திராமல், நீண்ட குழலைப் போன்று அமைந்திருக்கின்றது.

செடியைத் தாவரவியலார் முன்னரே அறிந்து பெயரிட்டிருந்தனர். வெளவாலுக்கோ 2005ஆம் ஆண்டில்தான் பெயர் கிடைத்தது. நேத்தன் முச்சாலா என்னும் ஆய்வாளரும் ஈக்வடார் நாட்டு ஆய்வாளர் இருவரும் சேர்ந்து, இது தனியோர் இனம் என்று அவ்வாண்டு உலகுக்கு அறிவித்தனர். பின்னர் கொலம்பியா, பெரு ஆகிய அண்டை நாடுகளிலும் இது வாழ்வது தெரியவந்தது. மனிதன் நிலவில் நடந்துவிட்டுத் திரும்பி முப்பத்தாறு ஆண்டுகள் கழிந்த பின்னரே, தான் வாழும் பூமியின் இந்தச் சிற்றுயிருக்குப் பெயரிட்டான் என்பது சிந்திக்கத்தக்கது.

மூன்று குழாய்கள்

‘ஃபிஸ்டுலா’ என்னும் இலத்தீன் சொல்லுக்குக் குழாய் என்பது பொருள். இவ்வெளவாலின் கீழுதடு மேலுதட்டைத் தாண்டி 3.3 முதல் 4.8 மில்லிமீட்டர் வரை முன்னால் நீண்டு, சுருண்டு, ஒரு சிறு புனலைப் போன்று அமைந்திருக்கின்றது. அதனால் வந்த பெயர் அது. இது முதற் குழாய்.

இரண்டாவது குழாய் வெளியே தெரியாது. உடலின் உள்ளே மறைந்திருப்பது. இவ்வெளவாலின் நா எட்டிப் பிடிக்கும் தொலைவை அளந்தபோது அது 84.9 மில்லிமீட்டர் இருந்தது. அதாவது தன் உடலைப்போல் ஒன்றரை மடங்கு! ஆறடி உயர மனிதனுக்கு ஒன்பதடி நீள நாக்கு இருந்தால் எவ்வாறிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பாலூட்டிகளில் வேறெதற்கும் உடல் அளவோடு ஒப்பிட இத்துணை நீண்ட நா கிடையாது. முதுகெலும்புள்ள உயிர்கள் அனைத்தையும் எடுத்துக்கொண்டாலும் பச்சோந்தி ஒன்றுதான் இதனை விஞ்சுகின்றது.

இத்துணை நீள நாவை அந்தச் சின்னஞ்சிறு வாய்க்குள் எங்ஙனம் மடித்து வைத்துக்கொள்கின்றது? வாய்க்குள் வைத்துக்கொள்வதில்லை என்பதே விடை. மற்ற தேனுண்ணி வெளவால்களுக்கு நாவின் அடி, வாயின் பின்புறத்தில் பொருந்தியிருக்கும். இதற்கோ நாவின் அடி தொண்டையையும் கடந்து மார்புக் கூட்டுக்குள் சென்று, இதயத்துக்கும் மார்பெலும்புக்கும் இடையே ஓர் உறையில் தங்கியிருக்கின்றது. வாளை உறையிலிடுவது போன்று நாவை நெஞ்சுக்குள் இட்டு வைத்திருக்கும் உயிர் இது. நம் நாட்டுக் காடுகளில் வாழும் அலங்கு எனப்படும் எறும்புதின்னிக்கும் நாவின் அடி மார்புக் கூட்டுக்குள்தான் இருக்கின்றது. இரண்டுக்கும் நெருங்கிய உறவு கிடையாது. ஒன்று பூவின் ஆழத்துக்கும் மற்றொன்று புற்றின் ஆழத்துக்கும் நாவை அனுப்ப வேண்டியிருப்பதால் ஒரே ஏற்பாடு இரண்டுக்கும் வாய்த்திருக்கின்றது.

மூன்றாவது குழாய் பூவினுடையது. சென்ட்ரோபோகன் நிக்ரிகன்ஸின் பூங்குழல் 80 முதல் 90 மில்லிமீட்டர் வரை நீளமுடையது. தேன் அக்குழலின் அடியில் இருக்கின்றது. இப்போது இரண்டு அளவுகளையும் சேர்த்துப் பாருங்கள். நாவின் எட்டம் ஏறத்தாழ 85 மில்லிமீட்டர். பூவின் ஆழம் 80 முதல் 90 மில்லிமீட்டர். ஒரே கொல்லன் பட்டறையில் வார்த்தெடுத்த பூட்டும் சாவியும் போன்று இவை பொருந்துகின்றன அல்லவா?

அளந்தறிந்த விதம்

இருளில் பறக்கும் வெளவாலின் நாவை அளப்பது எங்ஙனம்? முச்சாலா ஓர் எளிய வழியைக் கையாண்டார். நீண்ட உறிஞ்சு குழலொன்றில் சர்க்கரை நீரை வைத்து, வெளவாலை அதிலிருந்து குடிக்கப் பழக்கினார். குழலின் எவ்வளவு ஆழத்திலுள்ள நீர் வரை அதன் நா எட்டுகின்றது என்பதைக் கணக்கிட்டார். அதே காட்டில் வாழும் வேறு இரண்டு அனூரா இன வெளவால்களின் நா 4 சென்டிமீட்டரைக்கூடத் தொடவில்லை. இதன் நாவோ அவற்றைப்போல் இரு மடங்குக்கும் அதிகமாக நீண்டது.

அடுத்து, பூவை நாடி வருவது யார் என்று அறிய வேண்டும். இரவில் பூக்களுக்கு எதிரே ஒளிப்படக் கருவிகளை வைத்துப் பதிவு செய்தார். வெளவால்களின் உடலில் ஒட்டியிருந்த மகரந்தத் துகள்களைச் சேகரித்து, எந்தப் பூவினுடையவை என்று ஆராய்ந்தார். இரண்டு சான்றுகளும் ஒன்றையே கூறின. இந்தப் பூவுக்கு மகரந்தம் சுமக்கும் தூதர் அனூரா ஃபிஸ்டுலாட்டா மட்டுமே. இம்முடிவு 2006ஆம் ஆண்டு ‘நேச்சர்’ என்னும் புகழ்பெற்ற அறிவியல் இதழில் வெளியாயிற்று.

பூவின் கணக்கு

இந்த உறவில் யார் எதைக் கொடுத்து எதைப் பெறுகின்றார் என்று இனி பார்ப்போம்.

வெளவால் பூவின் மீது அமர்வதில்லை. ஹம்மிங் பறவையைப் போன்று அந்தரத்தில் நின்றவாறே நாவை நீட்டித் தேனருந்துகின்றது. தேனுண்ணி வெளவால்களின் நா நுனியில் மயிரிழை போன்ற நுண்ணிய முனைகள் உள்ளன. இவற்றுள் ஓர் இனத்தில், நாவை நீட்டும் கணத்தில் அம்முனைகளுக்குள் இரத்தம் பாய்ந்து அவை விறைத்து நிமிர்கின்றன என்றும், ஈரத் துணி நீரை உறிஞ்சுவது போன்று தேனை அள்ளிக்கொள்கின்றன என்றும் 2013ஆம் ஆண்டு ஆய்வாளர் கண்டறிந்தனர். இத்தனையும் கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்து முடிந்துவிடும்.

வெளவால் தேனை அருந்தும்போது பூ தன் காரியத்தை முடித்துக்கொள்கின்றது. பூவின் மகரந்தப் பைகள் குழல்வாயின் மேற்புறமாக நீட்டிக்கொண்டிருக்கும். முகத்தைக் குழலுக்குள் அழுத்தும் வெளவாலின் தலையில் மகரந்தம் பூசப்படும். இப்பூவில் ஆண் தன்மையும் பெண் தன்மையும் ஒன்றாகத் தோன்றுவதில்லை. முதலில் அது மகரந்தம் வழங்கும் ஆண் நிலையில் இருக்கும். பின்னர் சூல்முடி வெளிப்பட்டுப் பெண் நிலையை அடையும். எனவே ஆண் நிலைப் பூவில் தலையில் அப்பிக்கொண்ட மகரந்தத்தை, வெளவால் வேறொரு செடியின் பெண் நிலைப் பூவுக்குக் கொண்டு சேர்த்தால்தான் கனியும் விதையும் உண்டாகும். வழங்குவோரும் பெறுவோரும் இடம்விட்டு நகர இயலாதவர்கள். இடையே நடக்க ஒரு தூதர் வேண்டும்.

“அப்படியாயின் பூ ஏன் தன் தேனை இத்துணை ஆழத்தில் ஒளித்து வைக்க வேண்டும்? தூதருக்கு எளிதாகக் கிடைக்கும்படி வைத்தால் ஆகாதோ?” என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். இதற்கும் விடை தேடினர். முச்சாலாவும் ஜேம்ஸ் தாம்சன் என்பவரும் குழல் நீளம் வேறுபட்ட பூக்களை வெளவால்களுக்குக் கொடுத்துச் சோதித்து, 2009ஆம் ஆண்டு தம் முடிவை வெளியிட்டனர். குழல் நீளமாக இருந்தால் தேனை எட்டுவதற்காக வெளவால் தலையை வலுவாக அழுத்துகின்றது. அதனால் மகரந்தப் பரிமாற்றமும் மிகுதியாகின்றது. குழல் குட்டையாக இருந்தால் அது தொலைவில் நின்றே தேனருந்திவிட்டுப் போய்விடும்; பூவின் மகரந்தம் பூவோடே தங்கிவிடும். எளிதாகக் கிடைக்கும் தேனால் வெளவாலுக்குத்தான் இலாபம், பூவுக்கு இல்லை.

மற்றொரு நன்மையும் உண்டு. குட்டை நா உடைய வெளவால்கள் இப்பூவில் தேனை எட்ட முடியாது. கண்ட கண்ட பூக்களுக்கெல்லாம் செல்லும் தூதரிடம் மகரந்தத்தைக் கொடுத்தால் அது வழியிலேயே வேறு இனப் பூக்களில் சிந்தி வீணாகும். நீள நா வெளவாலுக்கும் இதில் ஆதாயம் உண்டு. பிறர் கைவைக்க இயலாத தேன்குடம் அதற்கு மட்டுமே உரியதாக இருக்கின்றது.

ஒரு பூவைப் பார்த்தே அதன் விருந்தாளியை ஊகித்த வரலாறும் உண்டு. மடகாஸ்கர் தீவில் வளரும் ஓர் ஆர்க்கிட் மலருக்கு ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நீளமுள்ள தேன்குழல் இருக்கின்றது. அதனைக் கண்ட சார்லஸ் டார்வின், இத்துணை நீள உறிஞ்சு குழலுடைய விட்டில் ஒன்று அத்தீவில் இருந்தே தீர வேண்டும் என்று 1862ஆம் ஆண்டு எழுதினார். பலர் நகைத்தனர். அவர் மறைந்து இருபத்தோர் ஆண்டுகள் கழிந்து, 1903ஆம் ஆண்டு அப்படியொரு விட்டிலை அறிவியல் உலகம் பெயரிட்டு ஏற்றுக்கொண்டது.

ஒலிக்கு விடை கூறும் மலர்கள்

வெளவாலுக்கும் பூவுக்குமுள்ள தொடர்பு நாவோடு நின்றுவிடவில்லை. வெளவால் தன் குரலை எழுப்பி, அது மோதித் திரும்பும் எதிரொலியைக் கொண்டு இருளில் வழியறிகின்றது. பகலில் வண்டை அழைக்கப் பூவுக்கு நிறம் போதும். இரவில் வெளவாலை அழைக்க எதிரொலி உதவுகின்றது. மத்திய அமெரிக்காவின் கோஸ்டா ரிக்கா நாட்டில் முகூனா ஹோல்டோனீ என்றொரு கொடி உண்டு. நம் பூனைக்காலிக் கொடியின் இனத்தைச் சேர்ந்தது. அதன் மேலிதழ் குழிவான கண்ணாடி போன்று ஒலியைத் திருப்பியனுப்புகின்றது. அக்குழிவைப் பஞ்சு வைத்து அடைத்தபோது வெளவால்களின் வருகை குறைந்துவிட்டது என்று 1999ஆம் ஆண்டு ஆய்வாளர் தெரிவித்தனர். கியூபா நாட்டின் மார்க்கிராவியா இவெனியா என்னும் கொடியிலோ, பூங்கொத்துக்கு மேலே ஓர் இலை கிண்ணம் போன்று வளைந்து நிற்கின்றது. அந்த இலையால் வெளவால் பூவைத் தேடும் நேரம் பாதியாகக் குறைகின்றது என்பது 2011ஆம் ஆண்டு வெளியான முடிவு.

எது எதனைச் சார்ந்திருக்கின்றது?

ஒப்பீட்டின் முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். இதுவரை சொன்னவற்றைக் கேட்டு, “இரண்டும் ஒன்றையொன்று சமமாகச் சார்ந்திருக்கின்றன” என்று முடிவு கட்டிவிடக் கூடாது. உண்மையில் அங்கே சமம் இல்லை.

வெளவாலுக்கு இந்தப் பூ ஒன்றே உணவன்று. அது வேறு பூக்களிலும் தேனருந்தும், பூச்சிகளையும் பிடித்துண்ணும். நீண்ட நா குட்டைப் பூவிலும் எட்டும். குட்டை நா நீண்ட பூவில் எட்டாது. ஆகவே இந்தப் பூ இல்லாமற் போனாலும் வெளவால் வேறிடம் தேடிப் பறந்து பிழைக்கக்கூடும். பூவுக்கோ அந்த வசதி இல்லை. அதற்குக் காலும் இல்லை, சிறகும் இல்லை, வேறு தூதரும் இல்லை. தன் குலத்தின் எதிர்காலம் முழுவதையும் ஒரேயொரு நாவின் நுனியில் வைத்துவிட்டு, அது ஒவ்வோர் இரவும் காத்து நிற்கின்றது.

பெருக்கத்திலும் இவ்விரண்டும் வேறுபடுகின்றன. செடியின் சதைக்கனி ஒவ்வொன்றிலும் எண்ணற்ற சிறு விதைகள் இருக்கும். வெளவால்களோ பெரும்பாலும் ஓர் ஈற்றில் ஒரு குட்டியையே ஈனுகின்றன. வெளவால் கூட்டம் ஒன்று அழிந்துவிட்டால் அது மீண்டும் பெருகப் பல ஆண்டுகள் தேவைப்படும். அதுவரை பூக்கள் பூத்துப் பூத்து வாடுமேயன்றிக் காய்க்க வழியிராது. மேய்ச்சலுக்காகவும் பயிருக்காகவும் ஆண்டிஸ் மலைச்சரிவுகளின் காடுகள் வெட்டப்பட்டு வருகின்றன. காடு துண்டு துண்டானால், செடி நிற்கும் துண்டில் வெளவால் இல்லாமற் போகலாம். அப்போது செடி உயிரோடுதான் இருக்கும். இலையும் பூவும் வைத்துக்கொண்டு பார்ப்பதற்குச் செழிப்பாகவும் இருக்கும். ஆனால் சந்ததி இன்றி நிற்கும். மரம் வெட்டுவோரின் கண்ணுக்குத் தெரியாத அழிவு இது. காட்டைக் காப்போம் என்று மரங்களை மட்டும் எண்ணுவோருக்கும் இது தெரிவதில்லை.

நம் மண்ணில்

ஈக்வடார் தொலைவில் இருக்கின்றது. நமக்கென்ன என்று இருந்துவிட இயலாது. நம் ஊர்ப் பழந்தின்னி வெளவால்கள் வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. நாவும் இத்துணை நீளமன்று. ஆயினும் இலவ மரத்தின் பூக்களுக்கு இரவில் மகரந்தம் சுமப்பவை அவையே. இலுப்பைப் பழத்தை உண்டு அதன் விதையைத் தொலைவில் கொண்டு சேர்ப்பவையும் அவையே. மலேசியாவில் நம் உறவினர்கள் ஆவலோடு காத்திருக்கும் டுரியான் பழம் உருவாவதிலும் குகை வெளவால்களுக்குப் பெரும் பங்குண்டு.

பெயரின்றிக் கிடந்த வெளவால் கதையொன்று நம் தமிழ் மண்ணுக்கும் உண்டு. 1948ஆம் ஆண்டு, இன்றைய தேனி மாவட்டத்தின் மேகமலைப் பகுதியில் ஒரு பழந்தின்னி வெளவால் பிடிக்கப்பட்டது. சாதாரண இனம் என்று தவறாகக் குறிக்கப்பட்டு, அது பம்பாயில் ஒரு சேகரிப்பில் கிடந்தது. தாய்லாந்து அறிஞர் கிட்டி தோங்லோங்யா அதனை ஆராய்ந்து, உலகில் வேறெங்கும் அறியப்படாத இனம் என்று 1972ஆம் ஆண்டு அறிவித்தார். பறவையியல் மேதை சலீம் அலி அவர்களின் பெயரையே அதற்குச் சூட்டினார். இருபத்து நான்கு ஆண்டுகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் அது இன்னதென்று எவரும் அறியவில்லை. அறியாத ஒன்றை இழந்தால், இழந்தோம் என்பதும் தெரியாது.

வெளவாலால் நோய் பரவும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. 2018ஆம் ஆண்டு கேரளத்தில் நிபா நோய் தோன்றியபோது அவ்வச்சம் பெருகியது. எச்சரிக்கை தேவைதான். வெளவால் கடித்த பழத்தை உண்ணலாகாது. பழங்களைக் கழுவித் தோலுரித்தே உண்ண வேண்டும். கீழே கிடக்கும் வெளவாலை வெறுங்கையால் தொடக்கூடாது. பிள்ளைகளுக்கு இவற்றைக் கற்பியுங்கள். அதற்காக அவை தங்கும் மரத்தை வெட்டுவதும், பட்டாசு கொளுத்தி விரட்டுவதும், குகைகளில் புகை போடுவதும் எந்த நோயையும் தடுக்கப் போவதில்லை.

சகோதர சகோதரிகளே! உறவுகளில் எல்லாரும் சம அளவில் ஒருவரையொருவர் சார்ந்திருப்பதில்லை. சிலருக்குச் செல்ல வேறு வழிகள் இருக்கும். சிலருக்கு இருக்கும் ஒரே வாசல் நாமாக இருப்போம். வீட்டிலுள்ள முதியோரும் நோயாளிகளும் சிறு குழந்தைகளும் அவ்வகையினரே. நாம் ஓர் இரவு போகாவிட்டால் நமக்கு எதுவும் குறைந்துவிடாது. காத்திருப்பவருக்கோ எல்லாமே குறைந்துவிடும். முகில் காட்டின் இருளில் தன் தேனை ஆழத்தில் ஏந்திக்கொண்டு நிற்கும் அப்பூவை எண்ணும்போதெல்லாம் இது நினைவுக்கு வரட்டும். இன்றிரவு கொல்லைப்புறத்தில் சிறகோசை கேட்டால் பிள்ளைகளிடம் சகுனக் கதை சொல்லாதீர்கள். இந்த நாவின் கதையைச் சொல்லுங்கள்.